கிளை விடும் பேச்சுக்கு இடம் தரும் கருவி: ஜூலிப் பற்றி ஒரு மட்டுறுத்துநரின் மதிப்புரை

தொழில்நுட்பக் குழு எதையாவது கவனித்துக்கொள்கிறவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றைக் கேட்பார், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதை வெட்டுவதா, விடுவதா, கண்டிப்பதா? நான் பார்த்த கருவிகளில் இதற்கு உருப்படியான வழி வைத்திருப்பது ஜூலிப் என்ற குழு அரட்டைக் கருவிதான். இந்த மதிப்புரை முழுவதும் அந்த ஒரு கோணத்திலிருந்துதான். அழகாக இருக்கிறதா, எமோஜி நிறைய இருக்கிறதா என்பதெல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் தமிழ் உரையை வைத்து நிரல் எழுதுகிறவர்கள். பிழைதிருத்தி செய்கிறவர்கள், எழுத்துணரி செய்கிறவர்கள், எழுத்துரு வரைகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், அந்தக் காலத்தில் டி.டி.பி. வேலை பார்த்த அண்ணாச்சிகள் சிலர். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கு முந்தைய வேலைகளைப் பார்க்கிறேன். குழுவைப் பார்த்துக்கொள்வது மாலை நேரத்து வேலை.

முதலில் எல்லோரும் இருந்தது ஒரு கைபேசி அரட்டைச் செயலியில். அங்கே நடந்த ஒரு உரையாடலைச் சொன்னால் பிரச்சினை புரியும். ஒரு மாணவி கேட்டாள்: "பைத்தான் நிரல்மொழியில் 'கொடி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 4 என்கிறது. எழுத்து இரண்டுதானே? இன்னொரு கோப்பிலிருந்து எடுத்த அதே சொல்லுக்கு 5 என்கிறது. ஏன்?" அருமையான கேள்வி. முதல் பாதிக்கு உடனே பதில் வந்தது. பைத்தான் எண்ணுவது எழுத்தை அன்று, எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரம் தனித்தனியே கொடுத்திருக்கும் குறியெண்களை. க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு. ஓப்பன்-தமிழ் நிரலகத்தைப் பயன்படுத்தினால் கொ, டி என இரண்டாகப் பிரித்துத் தரும்.

அடுத்த செய்தியில் ஒருவர், "யூனிகோட்டில் தமிழுக்குக் கொடுத்த இடமே போதாது, அதனால்தான் இந்தப் பாடு" என்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்-16 என்ற குறியேற்றம் பேச்சில் வந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோட்டோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்ததை ஒருவர் நினைவுபடுத்தினார். ஒருமுறை குறியெண் கொடுத்துவிட்டால் யூனிகோட் அதை மாற்றாது என்று இன்னொருவர் விளக்கினார். அங்கிருந்து தமிழ்99 விசைப்பலகைக்குத் தாவியது. அங்கிருந்து 'நீங்கள் ஃபொனெட்டிக்கில் (ஆங்கில எழுத்தின் ஒலிப்பை வைத்து) தட்டச்சு செய்கிறவரா' என்ற பழைய சண்டை. நடுவில் யாரோ பழைய தட்டச்சுப்பொறியின் படம் போட்டார்கள், அதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள். மாணவியின் இரண்டாவது பாதிக்கும் ஒருவர் ஒரே வரியில் சரியான பதில் போட்டிருந்தார்: அந்தக் கோப்பில் ஒகரக் குறி ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரிந்து கிடக்கிறது, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் மீண்டும் 4 வரும். அந்த வரி படத்துக்கும் சண்டைக்கும் அடியில் புதைந்துபோனது.

அப்போது குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் கோபத்தில் நிறைய செய்திகளை அழித்தார். அவசரத்தில் மாணவியின் கேள்வியும் சேர்ந்து போயிற்று. அவள் எனக்குத் தனியே எழுதினாள்: "அக்கா, நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா? என் மெசேஜைக் காணோம்."

இதனால்தான் மட்டுறுத்தல் என்றால் அழிப்பது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. தடம் மாறிய பேச்சில் பெரும்பகுதி குப்பை கிடையாது. டேஸ்-16 பற்றிய அந்த வாதம், சரியான இடத்தில் நடந்திருந்தால், எங்கள் குழுவின் நல்ல உரையாடல்களில் ஒன்றாக நின்றிருக்கும். இடம்தான் தப்பு. அப்படியானால் கருவியிடம் நான் எதிர்பார்ப்பது, பேசியவரை அவமானப்படுத்தாமல், சொன்னதை இழக்காமல், பேச்சைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைக்க வசதி.

ஜூலிப்பின் அடிப்படையே இதற்குத் தோதாக இருக்கிறது. சேனல் என்று ஒன்று, அதற்குள் தலைப்பு என்று ஒன்று. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ஏதாவது ஒரு சேனலில் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் போய் உட்காரும். மற்ற அரட்டைக் கருவிகளில் ஒரு செய்திக்குக் கீழே விருப்பப்பட்டால் இழை தொடங்கலாம். இங்கே தலைப்புதான் வழக்கம். மின்னஞ்சலில் பொருள் வரி எழுதுவது எப்படியோ அப்படி.

இந்த அமைப்பு திடீரென்று முளைத்ததில்லை. 1980களில் எம்.ஐ.டி.யில் அதீனா திட்டத்தின்கீழ் உருவான ஸெஃபிர் என்ற செய்திக் கருவியில் இதற்கு முன்னோடி இருந்தது. அதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் 2012இல் ஜூலிப்பைத் தொடங்கினார்கள். 2014இல் டிராப்பாக்ஸ் அதை வாங்கியது, 2015இல் அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்தில் மூலநிரலைத் திறந்துவிட்டது. தொடங்கியவர்களில் ஒருவரான டிம் ஆபட் அதன்பிறகும் அதை முன்னின்று நடத்தினார். ரஸ்ட் நிரல்மொழிக் குழுக்கள் இதில் பேசுகின்றன. லீன் என்ற தேற்ற நிரூபணக் கருவியைச் சுற்றியுள்ள கணிதக்காரர்களும் இங்கேதான். அந்த இரண்டு இடங்களிலும் பார்வையாளராகக் கொஞ்ச நேரம் சுற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு ஒன்றோடொன்று மோதாமல் ஓடுகிறது என்று தெரியும்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். செய்தியைத் தேர்ந்துகொண்டு எம் விசையை அழுத்தினால் நகர்த்தும் பெட்டி திறக்கும். புதிய சேனல், புதிய தலைப்பு கேட்கும். பிறகு மூன்று தெரிவுகள்: இந்தச் செய்தி மட்டும், இதுவும் இதற்குப் பின்னால் வந்தவை எல்லாமும், தலைப்பு முழுவதும். நடுத் தெரிவுதான் எனக்கு உயிர். பேச்சு எந்தச் செய்தியில் திரும்பியதோ அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து வெட்டி நகர்த்தினால், கேள்வியும் அதன் பதில்களும் பழைய இடத்தில் சுத்தமாக நிற்கும். கிளை தனியாக வளரும். அந்தப் பெட்டியில் தெரிவு செய்தால், பழைய தலைப்பிலும் புதிய தலைப்பிலும் அறிவிப்புத் தானியங்கி ஒரு வரி எழுதிவைக்கும்: எத்தனை செய்தி, எங்கிருந்து எங்கே, நகர்த்தியவர் யார். யாரும் தன் செய்தியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முன்பே பகிர்ந்த செய்தி இணைப்புகளும் உடையாமல் அந்தச் செய்தியின் புதிய இடத்துக்கே கூட்டிப்போகும்.

அந்த ஒரு வரி அறிவிப்பை நான் ரொம்ப மதிக்கிறேன். மட்டுறுத்துநர் செய்வது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அதிகாரம் மறைவாக இயங்கும்போதுதான் குழுக்களில் சந்தேகம் வளரும். "ஏன் என் பேச்சை மட்டும் தூக்கினீர்கள்" என்று யாராவது கேட்டால் அதே இடத்தில் பதில் சொல்லலாம், தவறாகத் தூக்கியிருந்தால் அதே எம் விசையால் திருப்பியும் வைக்கலாம். அழித்த செய்தியைத் திருப்பி வைப்பது அவ்வளவு எளிதா?

ஜூலிப்புக்கு மாறியபின் குறியேற்றம் என்று தனிச் சேனல் வைத்தோம். டேஸ்-16, டிஸ்கி என்ற பழைய குறியேற்றம், யூனிகோட்டுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் எல்லாம் அங்கே. விசைப்பலகைச் சண்டைக்கு அதற்கென்றே ஒரு தலைப்பு. நலம் விசாரிப்பு, மழை, கிரிக்கெட், வேலை கிடைத்த செய்தி, வீட்டு விசேஷம் எல்லாம் 'திண்ணை' சேனலில். முன்பு பேச்சை ஓரங்கட்டியபோதெல்லாம் முகம் சுளித்தவர்கள், குறியேற்றச் சேனலுக்குத் தங்கள் வாதம் நகர்ந்தபோது இன்னும் விரிவாக எழுதினார்கள். ஓர் அண்ணாச்சி, பழைய எழுத்துரு ஒன்றில் எந்த ஆங்கில விசையில் எந்தத் தமிழெழுத்து உட்கார்ந்திருந்தது என்று நினைவிலிருந்தே ஒரு பட்டியல் போட்டார். மாணவர்கள் அதைக் கொண்டு, அந்த எழுத்துருவில் தட்டியதை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல் எழுதினார்கள். இந்தப் பட்டியல் பிறந்தது, ஒருவர் "எழுத்துரு மாறினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது" என்று கேட்ட கேள்விக்கு அடியில், முழுக்கத் தடம் மாறிய ஒரு பின்குறிப்பாக. அழிக்கும் வழக்கம் இருந்திருந்தால் அது அன்றே போயிருக்கும்.

வாசகர் பக்கத்து வசதிகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டுறுத்தலில் பாதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு தலைப்பை மட்டும் ஊமையாக்கலாம். சேனல் முழுவதையும் ஊமையாக்கிவிட்டு அதில் ஒரே ஒரு தலைப்பை மட்டும் திறந்து வைக்கலாம். பிடித்த தலைப்பைப் பின்தொடரலாம், அதற்கு மட்டும் அறிவிப்பு வரும். விசைப்பலகைச் சண்டை பிடிக்காதவர் அந்தத் தலைப்பை ஊமையாக்கிக்கொள்கிறார், பிடித்தவர் விடிய விடிய எழுதுகிறார். இருவருமே என்னிடம் புகார் சொல்வதில்லை. கேள்வி தீர்ந்துவிட்டால் தலைப்பைத் தீர்ந்தது என்று குறிக்கலாம், பெயருக்கு முன்னால் ஒரு சரிக்குறி விழும். அதற்கப்புறம் அங்கே "சூப்பர்", "எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் விண்டோஸில்" என்று ஒட்டுகிறவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். விண்டோஸ்காரர் தனியே தலைப்பு தொடங்குகிறார். அவருக்கும் முழுக் கவனம் கிடைக்கிறது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? டெலிகிராம் குழுக்களிலும் 2022 இறுதியிலிருந்து தலைப்புகள் உண்டு. நம் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் செயலி என்பது பெரிய வசதி. ஆனால் ஒரு செய்தியை வேறு தலைப்புக்கு முன்னனுப்பினால் போவது நகல்தான், மூலம் பழைய இடத்திலேயே கிடக்கும். டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற மென்பொருள் வேறு வகை. நீளமாக, நிதானமாக எழுதுகிறவர்களுக்கு அது மேல். அங்கே பதிவுகளைத் தேர்ந்தெடுத்துத் தனித் தலைப்பாகப் பிரிக்கலாம், வாசகர்களே ஒரு பதிவைத் தலைப்புக்குப் பொருந்தாதது என்று கொடி காட்டலாம், நாள்பட்ட உறுப்பினர்களுக்கு நம்பிக்கைப் படி உயர உயரப் பொறுப்பும் கூடும். அந்தப் படிநிலையை ஜூலிப்பிலும் பார்க்க ஆசை. ஆனால் கேட்ட ஐந்தாவது நிமிடம் பதில் வேண்டும் என்கிற மாணவர் கூட்டத்துக்கு அரட்டை வேகம் தேவை. அந்த வேகத்தையும் ஒழுங்கையும் சேர்த்துத் தருவது ஜூலிப்.

குறைகள் உண்டு, மட்டுறுத்துநராக அவை என் நேரத்தைத் தின்கின்றன. முதலாவது, தலைப்பு எழுதுவதே புதியவர்களுக்குச் சுமை. 'டவுட்', 'ஹெல்ப்', 'வணக்கம்' என்று தலைப்பு வரும். அவற்றைத் திறந்து, படித்து, 'பி.டி.எஃப். நகலில் கொம்பு இடம் மாறுவது' என்று பெயர் மாற்றுவது யாருடைய வேலை? எங்களுடையது. 2025இல் வந்த 10ஆம் பதிப்பில் தலைப்பில்லாமல் எழுதுவதைப் பொது அரட்டை என்று ஒரே இடத்தில் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. கூச்சப்படுகிற புதியவருக்கு அது நல்ல வாசல். ஆனால் அங்கே குவிவதைப் பிரித்து வைக்க ஆள் வேண்டும், இல்லையென்றால் நாம் விட்டுவந்த பழைய குழு அந்த மூலையிலேயே மறுபடி பிறந்துவிடும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பேச்சு பின்னிக்கிடந்தால் மூன்று தெரிவுகள் போதாது. ஒருவர் என்.எஃப்.சி. பற்றிப் பதில் சொல்ல, அடுத்தவர் தட்டச்சுப்பொறி பற்றிப் பேச, மூன்றாமவர் மறுபடி என்.எஃப்.சி.க்கு வர, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிடக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகத்தான் தூக்க வேண்டும். பாதி பதிலும் பாதி கதையுமாக ஒரே செய்தியில் எழுதுகிறவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது. அவர்களிடம் நேரில் சொல்வது ஒன்றே வழி: "அண்ணாச்சி, அந்த ரெண்டாவது பத்தியைத் திண்ணையில தனியா போடுங்களேன், எல்லாரும் படிக்கணும்." இப்படிச் சொன்னால் யாரும் வருத்தப்பட்டதில்லை.

அப்புறம், பேச்சு போகிற சேனலில் பேசியவர்கள் உறுப்பினராக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உறுப்பினராக இல்லாத சேனலுக்கு நகர்ந்த பேச்சு அவர்களுடைய உள்பெட்டியில் வராது. அவர்களைப் பொறுத்தவரை அது காணாமல் போனதுபோலத்தான். தனிச் சேனலுக்கு நகர்த்தினால் படிக்கவே முடியாது. அதனால் திண்ணையை, புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் தானாகவே சேரும் சேனலாக அமைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். தலைப்பின் நீளத்துக்கு 60 குறி என்று எல்லை. இங்கும் எண்ணப்படுவது எழுத்துகள் அல்ல, குறியெண்கள்தான், அந்த மாணவி கேட்ட அதே சங்கதி. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால், ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கும் 60 தமிழில் இறுக்கமாகிவிடுகிறது. 'ஒருங்குறிக்கு மாற்றிய கோப்பில் மெய்யெழுத்துகளின் புள்ளி விடுபடுகிறது' என்று தெளிவாக எழுத இடம் பற்றாது, சுருக்கித்தான் ஆக வேண்டும். தேடலும் இயல்பாக ஆங்கிலத்துக்கென்று அமைக்கப்பட்டது. மற்ற மொழிகளுக்கு பி.ஜி.குருங்கா என்ற நீட்சியைச் சேர்க்கலாம், நீங்களே சர்வர் நடத்தினால் அது உங்கள் கையில் இருக்கிறது.

செலவு பற்றிச் சுருக்கமாக. அவர்களுடைய மேகச் சேவையின் இலவசத் திட்டத்தில் அண்மைய 10,000 செய்திகளைத்தான் தேடிப் பார்க்க முடியும். நகர்த்தி, பெயர் மாற்றி, பொத்திப் பொத்திச் சேர்த்த உரையாடல்கள் கண்ணுக்கு எட்டாமல் போனால் இந்த உழைப்பெல்லாம் எதற்கு? கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு முழு வசதியையும் இலவசமாகத் தருகிறார்கள், விண்ணப்பியுங்கள். சொந்தமாக நடத்த விரும்பினால் உபுண்டு அல்லது டெபியன், குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு சர்வர் போதும், வசதிகளில் வெட்டு இல்லை. கைபேசி அறிவிப்புகள் மட்டும் அவர்கள் சேவை வழியாகப் போகின்றன. 10 பேருக்கு மேல் என்றால் அதற்கும் சமூகக் குழு என்று பதிந்துகொள்ள வேண்டும். 2025இல் ஃபிளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில் புதிதாக எழுதிய கைபேசிச் செயலி வந்தது. அதில் தலைப்பு வாரியாகப் படிப்பது எங்கள் ஆட்களுக்குப் பழகிவிட்டது, தமிழாசிரியர்கள் உட்பட.

கருவி தொடாத இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சாதி, ஊர், படிப்பு பற்றிக் குத்துகிற பேச்சை நான் நகர்த்துவதில்லை. அது தடம் மாறிய பேச்சு என்ற கணக்கிலேயே வராது. அதை நீக்குகிறேன், எழுதியவரிடம் பேசுகிறேன், தேவைப்பட்டால் வெளியே அனுப்புகிறேன். தடம் மாறுவதையும் காயப்படுத்துவதையும் ஒரே தட்டில் வைத்து ஒரே தண்டனை கொடுக்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு மனது ஆறுவதில்லை. விசைப்பலகை பற்றி ஆர்வத்தில் அளந்துவிட்ட பெரியவரும், ஒரு பெண் கேட்ட கேள்வியைக் கேலி செய்தவரும் ஒன்றா?

யாருக்குப் பொருந்தும்? இருபது முப்பது பேர், எப்போதாவது பேசுகிறவர்கள் என்றால் வேண்டாம், இருக்கிற செயலியே போதும். தினமும் நாலைந்து கேள்வி வருகிற, பழைய பதில்களைத் திரும்பத் தேடுகிற, பல வயதினர் கலந்த தொழில்நுட்பக் குழு என்றால் தயங்காமல் மாறுங்கள். மாறும்போது மூன்று நான்கு பேருக்காவது நகர்த்தும் உரிமையைக் கொடுங்கள், ஒரே ஆள் இரவெல்லாம் உட்கார்ந்து பெயர் மாற்றிக்கொண்டிருந்தால் ஓய்ந்துபோவார். சாதாரண உறுப்பினர்களும் பேச்சை நகர்த்தும்படி அமைப்புகளில் திறந்துவையுங்கள். எங்கள் குழுவில் இப்போது நகர்த்துகிறவர்களில் முந்திக்கொள்வது அந்த மாணவிதான். நான் பார்ப்பதற்குள் தட்டச்சுப்பொறிப் படம் திண்ணைக்குப் போய்விடுகிறது.